சோழிங்கநல்லூரில் வேலை, திருநெல்வேலியிலிருந்து குடும்பம்: சென்னையில் எங்கே வீடு பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள். கணவருக்குச் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் சேர வேண்டும். மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். மாமியாருக்கு முட்டுவலி, அங்கே சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வாடகைக்கு இருபதாயிரம் வரை முடியும். ஓ.எம்.ஆரிலேயே, அதாவது சோழிங்கநல்லூர் வழியாகப் போகிற பழைய மகாபலிபுரம் சாலையிலேயே பார்ப்பதா, வேளச்சேரியா, தாம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்சென்னையில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலருக்கு வீடு தேடி அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நேரான பதில் இதுதான். கிழக்குத் தாம்பரத்தில் தொடங்கி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரை வருகிற அந்தச் சாலையை ஒட்டிப் பாருங்கள். ஆனால் ஆகஸ்டிலேயே எல்லாரும் கிளம்பி வந்துவிடாதீர்கள். அவர் முதலில் தனியாக வரட்டும். நீங்கள் மூன்று பேரும் அடுத்த மே மாதம் வாருங்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் எங்கே என்று மேப்பில் பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு வீடு தேடுகிறார்கள். தனி ஆளுக்கு அது சரி. குடும்பத்துக்குச் சரி வராது. வேலைக்குப் போகிறவர் காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறார். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்றும் ஆகலாம். அந்த வீட்டிலும் தெருவிலும் முழு நாளும் இருக்கப்போவது உங்கள் மாமியார். அடுத்தபடியாக நீங்கள், பிறகு பையன். எனவே வீட்டை அவர்களை மனதில் வைத்துத் தேடுங்கள். உங்கள் கணவரின் பயணம் எவ்வளவு நேரத்துக்கு மேல் தாங்காது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். காலை நெரிசலில் ஒரு மணி நேரம் என்று வைத்தால், நான் சொன்ன சாலை முழுவதும் அதற்குள் ஏறக்குறைய வந்துவிடும். மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் ஏழு கிலோமீட்டர் அளவுதான். தாம்பரத்திலிருந்து கிளம்பினால் தூரம் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

மாமியாரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் கோயிலுக்குப் போக வேண்டும், வழியில் பூ, கீரை வாங்க வேண்டும். பேசுவதற்கு நாலு பேர் வேண்டும். மருந்துக்கடையும் டாக்டரும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஓ.எம்.ஆரின் பெரிய அப்பார்ட்மென்ட் வளாகங்களில் நீச்சல்குளம் இருக்கும், செக்யூரிட்டி இருப்பார். ஆனால் கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. கீரை வாங்கக்கூட ஆப்பில் ஆர்டர் போட வேண்டும். ஊரில் தெருவோடு தெருவாகப் பழகிய ஒரு பெரியவரை அங்கே பத்தாவது மாடியில் கொண்டுபோய் வைத்தால், ஒரே மாதத்தில் "நான் ஊருக்கே போறேன்" என்பார். இப்படிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிழக்குத் தாம்பரமும் சேலையூரும் பழைய குடியிருப்புகள். ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள், விமானப்படைக் குடும்பங்கள் என்று பல காலமாக மக்கள் வாழ்ந்து வருகிற இடம். கேம்ப் ரோடு பக்கம் மாலையில் ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரியும்: மளிகை, மாவுக்கடை, தையல்கடை, டியூஷன் என்று எல்லாம் தெருவிலேயே இருக்கும்.

சித்த வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அதற்கும் இந்தப் பக்கம்தான் வசதி. தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-இல் தொடங்கியது, வெளிநோயாளிகள் தினமும் வருகிறார்கள். பாளையங்கோட்டையில் எழுதிக்கொடுத்த சீட்டுகளையும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், வைத்தியத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அத்தை தனியாகப் போய் வருவதற்கும் செலவு பயமில்லை. இன்னொன்று, தெற்கிலிருந்து வருகிற ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே இருக்கிற கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததற்குப் பிறகு தென்மாவட்ட பஸ்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பொங்கலுக்கு முதல் நாள் ஓ.எம்.ஆரிலிருந்து பெட்டி, படுக்கையோடு கிளாம்பாக்கம் போய்ச் சேர ஒரு தடவை முயற்சி செய்தவர்களுக்கு, தாம்பரம் பக்கத்தில் இருப்பதன் அருமை தெரியும்.

இனி தண்ணீர். சென்னையில் வீடு தேடுவது என்றால் பாதி தண்ணீரைத் தேடுவது, மீதி தண்ணீரிலிருந்து தப்பிக்கிற இடத்தைத் தேடுவது. இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பிசகினால் வேறு எதுவும் ஈடுகட்டாது.

முதலில் மழை. தென்சென்னையின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், தெருவைப் பார்த்ததுமே உங்களுக்கே ஒரு கணக்கு வந்துவிடும். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம் எல்லாம் ஏரிகள் அடுத்தடுத்து இருந்த பகுதி. அந்த ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலம் இன்று பழைய அளவில் ஒரு சிறு பங்குதான். மீதியில் குப்பைக் கிடங்கு, கட்டடங்கள், சாலைகள். 2022-இல் அதை ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். மிச்சம் இருப்பதாவது காப்பாற்றப்பட வேண்டும் என்பது என் ஆசை. போகிற வழி குறுகியதால், மூன்று நாள் கனமழை பெய்தால் தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குள் வருகிறது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு விட்டுத்தான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கரண்ட் வரப் பல நாள் ஆன தெருக்கள் உண்டு. இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஓர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தாம்பரம் என்றால் முழுக்கப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியது. தண்டவாளத்துக்கு மேற்கே முடிச்சூர் சாலையில் வாடகை குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் உண்டு. நான் கிழக்குத் தாம்பரத்தைச் சொல்வது அதனால்தான். ஆனால் கிழக்கிலும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் கரையை ஒட்டிய தெருக்களையும், ஏரியிலிருந்து கால்வாய் போகிற வழியையும் தவிர்த்துவிடுங்கள். மேடவாக்கத்திலும் அப்படியே. பெரும்பாக்கம் தாழ்வான பகுதி. கணவர் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அடைமழை நாளில் அந்தச் சாலை அடைபட்டால் வீட்டிலிருந்து வேலை என்று முன்கூட்டியே ஆபீசில் சொல்லிவைத்துக்கொள்ளட்டும். வீட்டைப் பெரும்பாக்கத்தில் எடுக்க வேண்டாம்.

ஒரே பேட்டையில் ஒரு தெரு மேட்டில் இருக்கும், அடுத்த தெரு பள்ளத்தில் இருக்கும். அதனால் ஏரியா பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. வீட்டு ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. "நம்ம தெருவுல நிக்காது சார், பக்கத்துத் தெருவுலதான் நிக்கும்" என்று எல்லாத் தெருவிலும் சொல்வார்கள். இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், கேன் தண்ணீர் போடுகிற பையனைக் கேளுங்கள். கேட்கிற விதமும் முக்கியம். நண்பர் ஒருவருக்காகப் பார்த்த தெருவில் இஸ்திரிக்காரரிடம் பேசியது இப்படிப் போனது:

"அண்ணே, இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"அதெல்லாம் நிக்காது சார்."

"மிக்ஜாம் அப்போ எப்படி இருந்துச்சு?"

"அப்பவா? அப்போ நாலு நாளு வண்டியே போடலியே! அந்த கேட் இருக்கு பாருங்க, அதுல ரெண்டாவது கம்பி வரைக்கும் நின்னுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. சாதாரண மழைக்கு நிற்பதில்லை என்பதுதான் அவர் முதலில் சொன்னது. 2015, 2023 என்று வருடத்தைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். கண்ணாலும் பாருங்கள். காம்பவுண்டு சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் பெயின்ட் உப்பிப் போயிருக்கிறதா? மோட்டாரை ஆள் உயர மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா? இ.பி. மீட்டர் பெட்டியைப் பழைய இடத்திலிருந்து மேலே மாற்றிய அடையாளம் தெரிகிறதா? தெருவை மேலும் மேலும் தார் போட்டு உயர்த்தி, வீட்டு வாசல் சாலைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது இருந்தால் அந்த வீட்டைப் பார்க்கவே வேண்டாம்.

மாமியார் விஷயத்தில் ஒரு சிக்கல் வரும். முட்டுவலிக்குத் தரைத்தளம் நல்லது. வெள்ளத்துக்குத் தரைத்தளம் ஆகாது. கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, அதற்கு மேல் வீடுகள் கட்டியிருக்கிற சின்ன அப்பார்ட்மென்ட்டில் முதல் மாடி எடுங்கள். லிஃப்ட் இருக்கட்டும். ஆனால் லிஃப்டை மட்டும் நம்பி மூன்றாம், நான்காம் மாடிக்குப் போகாதீர்கள். வெள்ளம் வரும்போது முதலில் நிற்பது லிஃப்ட்தான். ஒரு மாடி என்றால் அவசரத்துக்குக் கைப்பிடி பிடித்து மெதுவாக இறங்கிவிடலாம். படியின் உயரத்தையும் கைப்பிடியையும் பாருங்கள். சின்ன மனையில் நெருக்கிக் கட்டிய வீடுகளில் படி செங்குத்தாக இருக்கும். முடிந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவரையே அழைத்து வந்து ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குடிக்கவும் புழங்கவும் வருகிற தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நீங்கள். இங்கே வந்ததும் முதலில் மாறுவது இதுதான், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அப்போதுதான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, 2024-இல் இரண்டாவது ஆலையும் சேர்ந்தது. நகரத்தின் நிலைமை அன்றைக்கு இருந்ததைவிடத் தேவலை. ஆனாலும் ஓ.எம்.ஆரிலும் அதைச் சுற்றிய புறநகரிலும் குழாயில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வராத அப்பார்ட்மென்ட்கள் ஏராளம். போர் தண்ணீர், அது போதாவிட்டால் லாரித் தண்ணீர், குடிக்க கேன் அல்லது ஆர்.ஓ. என்றுதான் ஓடுகிறது. கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் அதற்கும் ஒரு லாரி வரும். இரண்டு லாரிகளின் செலவும் மெயின்டனன்ஸ் என்ற பெயரில் உங்கள் தலையில்தான் விழும்.

வீடு பார்க்கப் போகும்போது குளியலறைக் குழாயின் நுனியைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஷவரின் பாதித் துளைகள் அடைத்திருந்தால் கடுமையான உப்புத் தண்ணீர். ஒரு துண்டு சோப்பைக் கையோடு கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள்; நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி பிரிந்தால் துணி, முடி, வாஷிங் மெஷின் எல்லாம் கெடும். போர் எத்தனை அடி, கடந்த ஏப்ரல், மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று ஏற்கனவே குடியிருக்கிறவர்களிடம் கேளுங்கள். சம்ப், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி, எவ்வளவு பெரியது என்றும் பாருங்கள். தெருவின் அகலத்தையும் விட்டுவிடாதீர்கள். 12,000 லிட்டர் லாரி உள்ளே வர முடியாத சந்து என்றால், கோடையில் சின்ன வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிவரும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். குழாய் இருக்கும், பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். அதைச் சுத்தமாக வைத்திருக்கிற அசோசியேஷன் என்றால் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார்கள் என்று நம்பலாம்.

இப்போது ஆகஸ்டில் வர வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் புரிந்திருக்கும். ஆகஸ்டில் பார்த்தால் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல்தான் தொடங்கும். உங்கள் கணவர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பி.ஜி.யில், அதாவது மாத வாடகைக்குத் தங்குகிற விடுதியில் தங்கிக்கொள்ளட்டும். சோழிங்கநல்லூர், காரப்பாக்கம் பக்கம் ஆண்களுக்கான பி.ஜி. தெருவுக்குத் தெரு உண்டு. நவம்பர், டிசம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை ஒரு சுற்று வரட்டும். எந்தத் தெரு காய்ந்திருக்கிறது, எதில் முழங்கால் தண்ணீர் என்று குறித்துவைக்கட்டும். தண்ணீர் நின்ற தெருவில் மே மாதம் எவ்வளவு அழகான வீடு காலியானாலும் போக வேண்டாம். ஏப்ரலில் மறுபடி அதே தெருக்களுக்குப் போய் லாரி வருகிறதா என்று பார்த்தால் கோடையும் தெரிந்துவிடும். ஒரு மழை, ஒரு கோடை இரண்டையும் பார்த்தபிறகு எடுக்கிற வீட்டில் பல வருடம் நிம்மதியாக இருக்கலாம். அவசரத்தில் எடுத்துவிட்டு ஒரே வருடத்தில் காலி செய்தால் பெயின்டிங் சார்ஜ், புரோக்கர் கமிஷன், வண்டிக் கூலி, பையனின் பள்ளி என்று எல்லாம் இரண்டு மடங்கு. எட்டு, ஒன்பது மாதம் பிரிந்திருப்பது கஷ்டம்தான், தெரிகிறது. அவர் வெள்ளிக்கிழமை இரவு தாம்பரத்தில் ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் இருப்பார்.

பையனுக்கும் இதுவே நல்லது. ஐந்தாம் வகுப்பை ஊரிலேயே முடித்துவிட்டு ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தால், அந்த வகுப்பில் இவனைப் போலவே புதிதாகச் சேருகிற பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். வருட நடுவில் வந்தால் இவன் ஒருவன்தான் புதுசு. தனியார் பள்ளி என்றால் அப்ளிகேஷன் முன்கூட்டியே கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், டிசம்பரிலேயே கேட்டுவையுங்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளி தேடுவதைவிட, இரண்டு மூன்று பள்ளிகளை முதலில் முடிவு செய்து அதன் பக்கத்தில் வீடு பார்ப்பது மேல். வேனில் ஒரு மணி நேரம் சுற்றுகிற பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடும், விளையாட்டே இருக்காது. டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தருகிற எண்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு ஏரியாக்களைப் பற்றியும் கேட்டீர்கள். வேளச்சேரியில் வசதிகள் எல்லாம் உண்டு. 2007-லிருந்து பறக்கும் ரயிலும் இருக்கிறது. வாடகை அதிகம், வெள்ளம் வராத தெருவாகப் பார்த்தால் இன்னும் அதிகம். உங்கள் பட்ஜெட்டில் நல்லது அமைவது கடினம். சோழிங்கநல்லூரிலேயே எடுப்பதென்றால் பயணம் மிச்சம். மற்றதெல்லாம் மேலே சொன்ன கதைதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரையில் மணல் பூமி என்பதால் மழைத் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். கையில் இன்னும் பத்தாயிரம் கூடுதலாக இருந்தால் அங்கேதான் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

மெட்ரோ ரயிலைப் பற்றிப் புரோக்கர்கள் நிறையச் சொல்வார்கள். இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரு பாதை வருகிறது. அது மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. ஓ.எம்.ஆரில் சிறுசேரி சிப்காட் வரை இன்னொரு பாதை. இரண்டும் முடிந்தால் நான் சொல்கிற பகுதிக்கு யோகம்தான். ஆனால் கட்டி முடிக்கிற வரை தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருப்பார்கள், பயணம் இழுக்கும். "மெட்ரோ வரப்போகுது சார்" என்று இன்றைக்கே இரண்டாயிரம் ஏற்றிக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஓடுகிற ரயிலுக்குத்தான் வாடகை.

பணக் கணக்கில் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாயிரம் வாடகை என்று முடிவு செய்தால் மாதச் செலவு இருபதாயிரத்தோடு நிற்காது. மெயின்டனன்ஸ், லாரித் தண்ணீரில் உங்கள் பங்கு, கேன் தண்ணீர், இ.பி. எல்லாம் மேலே வரும். எனவே வாடகையைப் பதினாறு, பதினேழு என்று நிறுத்துங்கள். கரண்டுக்கு உங்கள் போர்ஷனுக்கென்று தனி இ.பி. இணைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்குமே வேறு விகிதத்துக்குப் போய் பில் எகிறும். இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒரே இணைப்பைக் கொடுத்து, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் இலவச யூனிட் உங்களுக்குக் கிடைக்காது, விகிதமும் ஓனர் வைத்ததுதான். ஏ.சி. போடுகிற வீட்டில் இது மாதாமாதம் வலிக்கும்.

அட்வான்ஸ் பற்றி. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய பழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சம்மதித்திருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். குடியிருப்பவரைக் கிளப்புவதற்காகத் தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது. நடைமுறையில் பலர் வழக்கமான 11 மாத அக்ரிமென்ட்டோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் பதிவு செய்யும்படி கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸைப் பேங்க் வழியாகவே கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மீதியை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்ற மூன்றையும் அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்ட விஷயங்களில்தான் கடைசியில் மனஸ்தாபம் வருகிறது. குடி வருகிற அன்றைக்கே ஒவ்வோர் அறையையும், சுவர் விரிசல், ஓதம், குழாய், கதவு உட்பட, போனில் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள்.

புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார். அதற்கு முன்னால் தெருவில் நடந்து டு லெட் போர்டு பாருங்கள்; சேலையூர், செம்பாக்கம் பக்கம் இன்னும் கேட்டில் போர்டு மாட்டுகிற ஓனர்கள் உண்டு, பெரும்பாலும் மாடியிலேயே குடியிருக்கிற ரிட்டயர்டு ஆட்கள். ஓனர் அதே கட்டடத்தில் இருப்பது சிலருக்குப் பிடிக்காது. உங்கள் நிலைமையில் அது நல்லதுதான். மோட்டார் ரிப்பேர் என்றால் அவருக்கும் தண்ணீர் வராது, உடனே ஆள் வரும். மாமியாருக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும்.

கடைசியாக, முதன்முதலில் கேட்கும்போது மனது கஷ்டப்படுகிற ஒரு விஷயம். "நீங்க என்ன ஆளுங்க?", "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று போனிலேயே கேட்பார்கள். மேடவாக்கமானாலும் மயிலாப்பூரானாலும் இது நடக்கிறது. இது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன், யாருக்கு வீடு பார்க்கப் போனாலும் அதைச் சொல்லியும் விடுகிறேன். ஆனால் வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிற வாழ்க்கை வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள், சரி என்கிற ஓனர் நிச்சயம் கிடைப்பார், அந்த வீட்டில்தான் நீங்கள் நிம்மதியாக இருக்க முடியும்.

டிசம்பர் மழை முடிந்ததும் உங்கள் கணவர் பார்த்துக் குறித்துவைத்த தெருக்களின் பெயர்களை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த தெரு என்றால் சொல்கிறேன். தெரியாத தெரு என்றால் அந்தப் பக்கம் போகும்போது இறங்கி விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.